மீனாட்சிபுரத்தில் பெட்ரோ டாலர், கொழும்பில் சீனா

2024 செப்டம்பர் 23, திங்கட்கிழமை. இலங்கை அதிபர் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க வென்றுவிட்டார் என்று முந்தைய நாள் மாலை அறிவித்திருந்தார்கள். தென்காசி பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் மூன்று நாளிதழ்கள் வரும். மூன்றிலும் செய்தி இருந்தது. மார்க்சிஸ்ட், சீனாவுக்கு நெருக்கமானவர், இந்தியாவுக்குத் தலைவலியா என்பவைதான் மூன்றிலும் மாறி மாறி வந்த சொற்கள். குற்றாலத்தில் சீசன் கடை போட்டு, சாரல் முடிந்ததும் கடையைக் கழற்றிக்கொண்டு ஊர் திரும்பியிருந்த அண்ணாச்சி ஒருவர் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, சீனாக்காரன் ஆளு ஜெயிச்சிட்டானாம்லா?" என்றார்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையில் கொடுத்ததைத்தான் அவர் படித்தார். அன்றும் அடுத்த இரண்டு வாரமும் தொலைக்காட்சி விவாதங்களில் ஓடியதும் அதே கேள்விதான்: அநுர யாருடைய ஆள்?

அந்த மூன்று தாளிலும் வராத விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019 அதிபர் தேர்தலில் இதே அநுர வாங்கியது 3.16 சதவீத வாக்கு. ஐந்தே ஆண்டில் அது 42.31 சதவீதமாகியிருக்கிறது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் இலங்கை வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளையும் எண்ண வேண்டி வந்தது. இடையில் நடந்தது என்ன? 2022 ஏப்ரலில் அந்நாட்டு அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. பெட்ரோலுக்கும் சமையல் வாயுவுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்று, அந்த வரிசையிலேயே மனிதர்கள் செத்தார்கள். ஜூலையில் மக்கள் அதிபர் மாளிகைக்குள் நுழைந்தார்கள், கோத்தபய நாட்டை விட்டு ஓடினார். அடுத்து வந்த ரணில் பன்னாட்டு நிதியத்திடம் 290 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டு, அதற்கான விலையை மின்கட்டணமாகவும் வரியாகவும் மக்கள் தலையில் ஏற்றினார். ஆண்டவர்கள் அத்தனை பேரையும் அந்த மக்கள் வெறுத்துப்போய்விட்டார்கள். கையில் எஞ்சியிருந்த, இதுவரை ஆட்சிக்கு வராத கட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். விளக்கம் இவ்வளவுதான். இதற்கு பீஜிங் தேவையில்லை.

சீனக் கதையையும் கொஞ்சம் பார்ப்போம். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டு குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் கொடுத்தது 2017இல். அப்போது பிரதமர் ரணில். அவரை நம் ஊடகங்கள் எப்போதும் 'இந்தியாவின் நண்பர்' என்றே எழுதிவந்தன. அநுரவையோ, தேர்தலுக்கு ஏழு மாதம் முன்பே, 2024 பிப்ரவரியில், டெல்லியே கூப்பிட்டு ஜெய்சங்கரும் அஜித் தோவலும் உட்கார வைத்துப் பேசினார்கள். வென்றபின் அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம் டிசம்பரில் டெல்லிக்குத்தான். 2025 ஏப்ரலில் மோடி கொழும்புக்குப் போனார், விருது வாங்கினார், பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தமும் கையெழுத்தானது. 1987-89இல் 'இந்தியப் பொருள் விற்கக் கூடாது' என்று கடைக்காரர்களைத் துப்பாக்கி முனையில் மிரட்டிய கட்சியின் தலைவர்தான் இதைச் செய்தார் என்பது எவ்வளவு பெரிய செய்தி! எந்த நாளிதழும் 'சீனாவின் ஆள் என்று எழுதினோமே' என்று திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சொல் சத்தமில்லாமல் காணாமல் போனது, அவ்வளவே.

பக்கத்து நாட்டில் எதிர்க்கட்சி வென்றால் நம் பத்திரிகைகளுக்கு வருகிற காய்ச்சல் இது. 2023இல் மாலத்தீவில் முய்சு வென்றபோதும் சீனா. 2024 ஆகஸ்டில் வங்கதேச மாணவர்கள் ஹசீனாவைத் துரத்தியபோது (அது தேர்தல்கூட இல்லை) பாகிஸ்தான், அமெரிக்கா. வீட்டு வேலைக்காரர் எதிர்த்துப் பேசினால் 'உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?' என்று கேட்கிற பெரிய வீட்டு மனநிலையை நாம் பார்த்திருக்கிறோம். அதுதான் இங்கே வெளியுறவுக் கட்டுரையாக வேஷம் போட்டு வருகிறது.

எங்கள் வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1981 பிப்ரவரி 19 அன்று, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிற மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. இன்று தென்காசி மாவட்டம், அன்று திருநெல்வேலி மாவட்டம். இந்தியப் பத்திரிகைகள் அத்தனையும் எங்கள் ஊர்ப் பெயரை அன்றுதான் எழுதப் பழகின. என்ன எழுதின? பெட்ரோ டாலர். வளைகுடாப் பணம். வெளிநாட்டுச் சதி. தலைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு வேறு. வாஜ்பாய் வந்தார், மத்திய அமைச்சர் வந்தார், மடாதிபதிகள் வந்தார்கள், இந்து அமைப்புகள் முகாம் போட்டன. ஊருக்குள் போய் நிதானமாக உட்கார்ந்து கேட்டவர்களிடம் அந்த மக்கள் சொன்னதோ வேறு. டீக்கடையில் தனிக் குவளை. ஆதிக்கச் சாதிக்காரர் முன்னால் தோளில் துண்டு போட முடியாது. ஒரு குற்றம் நடந்தால் முதலில் எங்கள் தெருவுக்குள் நுழைந்து அடிக்கிற போலீஸ். 'படித்து வேலைக்குப் போன பிறகும் நாங்கள் அதே பெயரில்தான் கூப்பிடப்பட்டோம்' என்பதுதான் சாரம். மாறியவர்களில் படித்தவர்கள், அரசு வேலையில் இருந்தவர்கள் இருந்தார்கள். பணத்துக்கு விலைபோனார்கள் என்ற கதை அவர்கள் முகத்தில் துப்பிய எச்சில்.

அந்த மக்களுக்குச் சொந்தமாக முடிவெடுக்கத் தெரியும் என்பதைப் பத்திரிகைகளால் நம்ப முடியவில்லை. அதனால் பின்னால் ஓர் அரபு ஷேக்கை நிறுத்தினார்கள். 2024இல் அநுரவின் பின்னால் ஒரு சீனரை நிறுத்தியதும் அதே கைதான்.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கிற தோழர்களுக்கு ஒரு கணக்கு. 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து இந்தியச் செய்தி நிறுவனங்களை ஆய்வு செய்தன. பார்த்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர். தலித், பழங்குடி ஒருவர்கூட இல்லை. 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியதும், 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியதும் இந்தக் காரணத்துக்காகத்தான். நூறாண்டுக்குப் பிறகும் நாம் அங்கேயே நிற்கிறோம். எந்தக் கேள்வி தலைப்பாக வேண்டும் என்று முடிவு செய்கிற அறையில் மீனாட்சிபுரத்துக்காரர் ஒருவர் இருந்திருந்தால், 'அந்த மக்கள் என்ன சொல்றாங்க?' என்று ஒரு குரலாவது கேட்டிருக்கும்.

நான் அநுரவின் ரசிகன் அல்ல. இங்கே சில இடதுசாரித் தோழர்கள் செங்கொடியைப் பார்த்ததும் இனிப்புக் கொடுத்தார்கள். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. சீனாவைக் காட்டிப் பூச்சாண்டி காட்டிய பத்திரிகைகள் உண்மையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் நிறைய உண்டு. 1965இல் ரோகண விஜேவீர தொடங்கிய ஜே.வி.பி. தன் உறுப்பினர்களுக்கு ஐந்து வகுப்பு எடுத்தது. அதில் ஒன்றின் பெயர் 'இந்திய விஸ்தரிப்புவாதம்'. தேயிலைத் தோட்டத்தில் முதுகு ஒடியக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளியை இந்தியாவின் கருவியாகப் பார்க்க வைத்த வகுப்பு அது. தொழிலாளர் புரட்சி பேசிய கட்சி, அந்தத் தீவின் மிக மோசமாகச் சுரண்டப்பட்ட தொழிலாளியைத் துரோகியின் பக்கம் நிறுத்தியது. 2005இல் மகிந்தவை ஆதரித்தது, போரை ஆதரித்தது, வடக்கு கிழக்கு இணைப்பை உடைக்க உச்ச நீதிமன்றம் போனது. இதற்கெல்லாம் இன்றுவரை நேரான பதில் இல்லை. ஆட்சிக்கு வந்தபின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குகிறேன் என்ற வாக்குறுதியையும் இழுத்தடித்தார்கள்.

விந்தை என்னவென்றால் அதே ஜே.வி.பி.யின் 1971 கிளர்ச்சியில் துப்பாக்கி தூக்கிய சிங்கள இளைஞர்களில் கணிசமானோர் பத்கம, வகும்புர போன்ற ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சிங்களரிடம் சாதி இல்லை, பௌத்தம் அதை ஒழித்துவிட்டது என்று நம்மில் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். சியாம் நிகாயத்தில் கொவிகம சாதிக்காரர் மட்டுமே துறவியாக முடியும். வெளியே நிறுத்தப்பட்ட சாதிகள் பர்மாவுக்குக் கப்பலேறிப் போய் உபசம்பதை வாங்கி வந்து அமரபுர நிகாயத்தைத் தொடங்கின. அயோத்திதாசர் 1898இல் பௌத்தம் தேடிப் போனதும் அதே கொழும்புக்குத்தான்! இவ்வளவு கதை இருக்கிற நாட்டில் ஆட்சி மாறினால், நம் பத்திரிகைக்குக் கிடைத்த ஒரே கதை சீனக் கப்பல்.

மலையகத்துக்கு வருகிறேன், எனக்கு இதில் மனம் ஆறாத இடம் அதுதான். நம் ஊடகங்கள் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதும்போது யாழ்ப்பாணத்தை மனதில் வைத்து எழுதுகின்றன. நுவரெலியாவிலும் பதுளையிலும் இருப்பவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் பயந்து கங்காணி பின்னால் நடந்து, மன்னாரில் இறங்கிக் காட்டுவழியில் செத்தவர் போக மிச்சப்பட்டவர்களின் வாரிசுகள். பெரும் பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். 1947 தேர்தலில் அவர்கள் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் வாக்கும் போனது. யாழ்ப்பாணத் தமிழ்த் தலைவர்களில் ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த அரசிலேயே அமைச்சராகச் சேர்ந்தார். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் அவர்களை ஆட்டு மந்தைபோல் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2024 நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 இடம் பிடித்தது. நுவரெலியா மாவட்டத்தையும் பிடித்தது. பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் நாடாளுமன்றம் போனார்கள். இருநூறாண்டு கொழுந்து கிள்ளிய பெண்களின் சமூகத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்கள் அவர்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைமை குடும்பச் சொத்தாகத் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்துகொண்டிருந்த இடத்தில் இது நடந்தது. தமிழ்நாட்டின் எந்தப் பெரிய நாளிதழ் இதை முதல் பக்கத்தில் போட்டது? நான் தேடியவரை கண்ணில் படவில்லை.

அந்த மக்கள் ஏன் மாற்றி வாக்களித்தார்கள் என்பதும் கூலியைப் பார்த்தாலே புரியும். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் நின்று, நாள் கூலி 1,700 ரூபாய் என்று ரணில் அறிவித்தார். தோட்டக் கம்பெனிகள் நீதிமன்றம் போயின. தேர்தல் நெருங்கிய செப்டம்பரில் அது 1,350 ரூபாயில் வந்து நின்றது. வயிற்றில் அடித்தவனுக்குத் தேர்தலில் அடி கொடுத்தார்கள்.

அதே கோடைகாலத்தில் இங்கே என்ன நடந்தது? தென்காசியிலிருந்து மலையின் வரிசையைப் பிடித்துத் தெற்கே போனால் மாஞ்சோலை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கிய நிலத்தில் பாம்பே பர்மா கம்பெனி நடத்திய தேயிலைத் தோட்டம். அங்கும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அங்கும் லயன் வீடுகள். கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தாமிரபரணிக்குள் விரட்டி அடித்ததில் 17 பேர் செத்தார்கள். 2024 ஜூனில் கம்பெனி விருப்ப ஓய்வு என்ற பெயரில் எல்லோரையும் கணக்கு முடித்தது. நான்கு தலைமுறையாக மலையில் பிறந்து வளர்ந்தவர்களிடம், வீட்டைக் காலி பண்ணு என்றார்கள். அரசின் தேயிலைத் தோட்டக் கழகமே எங்களை எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கழகம் 1968இல் தொடங்கப்பட்டதே இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்கத்தான். கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததும் இந்தப் பக்கம் நடந்ததும் ஒரே கதையின் இரண்டு துண்டுகள். ஒரு செய்தியாளர் இரண்டையும் சேர்த்து வைத்து எழுதியிருந்தால், டீக்கடை அண்ணாச்சிக்கு இலங்கைத் தேர்தல் சட்டென்று புரிந்திருக்கும்.

யாழ்ப்பாணத்துக் கதை இன்னும் வேடிக்கை. நவம்பரில் அந்த மாவட்டத்தில் ஆறில் மூன்று இடத்தைத் தேசிய மக்கள் சக்தி வென்றது. டெல்லி ஊடகங்கள் 'தமிழர்கள் பழசை மறந்துவிட்டார்கள்' என்றன. இங்கே உணர்ச்சித் தமிழ்த் தேசியம் பேசுகிற சில வலையொளிக்காரர்கள் 'துரோகம்' என்றார்கள். இரண்டு தரப்பும் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. அந்தக் கட்சி அங்கே வாங்கியது சுமார் 25 சதவீத வாக்கு. தமிழ்க் கட்சிகள் பல துண்டாக உடைந்து நின்றன. அதிக வாக்கு வாங்கிய கட்சிக்கு ஒரு போனஸ் இடம் உண்டு. இதில் வந்ததுதான் மூன்று. நான்கில் மூன்று பேர் அவர்களுக்கு வாக்களிக்கவில்லை. 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி வடக்கில் மீண்டும் எழுந்தது.

ஆனாலும் அந்த 25 சதவீதம் ஏன் என்ற கேள்வி நிற்கிறது. அதைக் கேட்கத் துரோகப் பட்டம் தடையாக இருக்கிறது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழையப் போனபோது வாசலில் மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். தனித் தமிழ் ஈழம் என்று மிக முன்னதாகவே பேசியவர்களில் ஒருவரும் அவரேதான். வாசலுக்கு வெளியே சத்தியாக்கிரகம் இருந்தவர்களுக்குப் பின்பலமாக நின்றது சண்முகதாசனின் பொதுவுடைமைக் கட்சி. கே. டானியல் 'பஞ்சமர்' எழுதியது இந்த மண்ணிலிருந்துதான். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து ராணுவம் விரட்டியவர்களில் காசும் காணியும் இருந்தவர்கள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விட, கால் நூற்றாண்டுக்கு மேல் முகாம் கொட்டகையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். இப்படி ஒரு சமூகத்தில் ஒரு பகுதி, பழைய தலைமைகளை ஒருமுறை மாற்றிப் பார்ப்போம் என்று நினைத்தால் அதற்குத் துரோகம் என்று பெயரா? ஈழ மக்களின் அரசியல் உரிமையை முழுமனதாக ஆதரிக்கிற நான்தான் இதைக் கேட்கிறேன்.

கடையநல்லூர்ப் பக்கம் போகநல்லூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2021 வரை அதன் பெயர் அகதிகள் முகாம். பெயர் மாறியிருக்கிறது, நிலை மாறவில்லை. தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். அவற்றில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் மலையக வம்சாவளி. 1977, 1983 கலவரங்களுக்குப் பயந்து தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், அங்கே போர் துரத்தியதும் படகேறியவர்கள். பூட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நடந்து போன வழியில் பேரப்பிள்ளைகள் அகதியாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். 2019இல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டும்தான் உண்டு, இவர்களுக்கு இடமில்லை.

எனக்குத் தெரிந்த முகாம் அக்கா ஒருவரிடம் அந்தத் தேர்தல் பற்றிக் கேட்டேன். "ஆர் வந்தா என்ன தம்பி. அங்க போனா காணி இருக்கா, இங்க இருந்தா காயிதம் இருக்கா? அதைச் சொல்ற செய்தி வந்தா வாசிக்கிறன்" என்றார். அநுரவின் ஆட்சி திரும்பி வருகிறவர்களுக்கு நிலம் கொடுக்குமா, 2023 அக்டோபரில் ஹட்டனில் அவர்கள் வெளியிட்ட பிரகடனத்தில் மலையக மக்களுக்குச் சொன்ன காணி, வீடு, சம உரிமையில் எவ்வளவு நடந்தது, முகாமில் பிறந்து முப்பது வயதாகிவிட்ட பிள்ளைக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைக்கும் என்று இலங்கைத் துணைத் தூதரகத்திலும் டெல்லியிலும் போய்க் கேட்க ஒரு செய்தியாளர் போதும். தென்காசியிலிருந்து போகநல்லூருக்குப் பேருந்திலேயே போய்விடலாம். அந்தச் செப்டம்பரிலும் நவம்பரிலும் ஒருவர்கூட வரவில்லை என்றார் அக்கா.